எலிஹு யேல்

எலிஹு யேல் (ஏப்ரல் 5, 1649 – ஜூலை 8, 1721) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைக் குடியேற்றத்துக்கு 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர். எழுத்தராகப் பணியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த இவர், ஐக்கிய அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வரக் காரணமானவர் என்ற அளவிலேயே உலகின் பிற பகுதிகளில் அறியப்படுகிறார். தமிழக வரலாற்றில் இவருடைய இடம் வேறு. இந்தியாவின் முதல் மாநகராட்சியான சென்னை மாநகராட்சி 1688 ஆம் ஆண்டு இவருடைய ஆட்சியின்போது தொடங்கப்பட்டது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டை 1690 ஆம் ஆண்டு இவருடைய முயற்சியால் விலைக்கு வாங்கப்பட்டுப் புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது. முதல் நிகழ்வில் நகரத்தின் செலவுக்கு நகர மக்களின் இசைவு நாடப்பட்டது. இரண்டாவதில் ஊர்மக்கள் யாரும் கேட்கப்படாமலேயே ஊர்கள் கைமாறின.

பிறப்பும் குடும்பமும்

யேல் வட அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். இவருடைய முன்னோர் வேல்ஸ் நாட்டின் ரெக்சம் நகருக்கு அருகிலுள்ள பிளாஸ் கிரோனோ என்னும் இடத்தைச் சேர்ந்தவர்கள். தந்தை டேவிட் யேல் ஒரு வணிகர். தந்தைவழிப் பாட்டி ஆன், கணவர் இறந்தபின் தியோபிலஸ் ஈட்டன் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். இந்த ஈட்டன் நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவியவர்களுள் ஒருவர். அவருடனேயே யேல் குடும்பம் அமெரிக்கா சென்றது. எலிஹு சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. அதன்பின் அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை. இலண்டனில் வில்லியம் டுகார்டு நடத்திய தனியார் பள்ளியில் சில காலம் பயின்றார்.

சென்னைக்கு வருகை

1670 வாக்கில் கம்பனியின் பணியில் சேர்ந்த யேல், 1672 ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் எழுத்தர் ஒருவருக்கு ஆண்டு ஊதியம் 10 பவுண்டு மட்டுமே. ஊழியர்கள் தம் சொந்தக் கணக்கில் ஆசிய நாடுகளுக்கிடையே வணிகம் செய்துகொள்ளக் கம்பனி இசைவளித்திருந்தது. ஆகவே ஊதியத்தைவிடச் சொந்த வணிகமே அவர்களின் உண்மையான வருவாயாக இருந்தது. யேலும் துணி, வைரம் முதலியவற்றில் வணிகம் செய்து பெரும் பொருள் சேர்த்தார்.

1680 ஆம் ஆண்டு நவம்பர் 4 அன்று, கம்பனியின் உயர் அதிகாரியாக இருந்து இறந்த ஜோசப் ஹின்மர்ஸ் என்பவரின் மனைவி கேத்தரினை யேல் மணந்தார். கோட்டைக்குள் சில நாட்களுக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்த புனித மேரி தேவாலயத்தின் பதிவேட்டில் உள்ள முதல் திருமணம் இதுவே. இத்தம்பதியருக்கு டேவிட் என்ற மகனும் மூன்று பெண்களும் பிறந்தனர். டேவிட் 1688 ஆம் ஆண்டு தொடக்கத்தில், குழந்தைப் பருவத்திலேயே, இறந்து ஹின்மர்சின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டான். அந்த இடம் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் வந்துவிட்டது. வளாகத்தில் இடநெருக்கடி ஏற்பட்டதால் தொடரப்பட்ட வழக்கில், அக்கல்லறையை வேறிடத்துக்கு மாற்றுமாறு 2023 ஆம் ஆண்டு தனி நீதிபதி ஒருவர் ஆணையிட்டார்.

செஞ்சித் தூது

கடலூர், சிதம்பரம் பகுதியுடன் யேலுக்கு ஏற்பட்ட தொடர்பு அவர் ஆளுநராவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியது. 1677 இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றிய பிறகு, தெற்கே கொள்ளிடம் வரையிலான நிலப்பகுதி செஞ்சியிலிருந்த மராட்டிய அதிகாரிகளின் ஆளுகைக்குள் வந்தது. வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பரங்கிப்பேட்டையும், கெடிலத்தின் கழிமுகத்தை ஒட்டிய கடலூரும் அக்காலத்தில் துணி ஏற்றுமதியில் பெயர்பெற்ற துறைமுகங்கள். உட்பகுதியிலுள்ள நெசவாளர் ஊர்களிலிருந்து துணி இத்துறைகளுக்கு வந்தது. சென்னையில் தங்கள் மீது உள்ளூர் ஆட்சியாளர் நெருக்கடி கொடுத்தால் ஒதுங்குவதற்கு வேறு இடம் வேண்டும் என்பதும் கம்பனியின் எண்ணமாக இருந்தது.

இதன் பொருட்டு 1681 ஆம் ஆண்டு இறுதியில் யேல் செஞ்சிக்குத் தூதராக அனுப்பப்பட்டார். பரங்கிப்பேட்டை, கடலூர், கூனிமேடு ஆகிய இடங்களில் வணிகம் செய்யும் உரிமையை அடுத்த சில ஆண்டுகளில் கம்பனி பெற்றது. அப்போது சிதம்பரத்தில் நடராசர் திருவுருவம் கோயிலில் இல்லை என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. படையெடுப்பு அச்சத்தால் 1648 இல் வெளியே கொண்டு செல்லப்பட்ட அத்திருவுருவம், மராட்டியர் ஆட்சியில் 1686 இல்தான் மீண்டும் நிறுவப்பட்டது. அந்த நிலப்பகுதியின் நிலையற்ற சூழலை இதிலிருந்து ஓரளவு உணரலாம்.

சென்னையின் செலவும் வரிப் பிணக்கும்

யேல் பொறுப்பேற்றபோது அவருக்கு முன்னிருந்தவர்கள் விட்டுச்சென்ற மிகப்பெரிய சிக்கல் நகரத்தின் பணத் தட்டுப்பாடு ஆகும். சென்னைக்காகக் கோல்கொண்டா அரசுக்கு ஆண்டுதோறும் 1,200 வராகன் குத்தகை செலுத்த வேண்டியிருந்தது. 1687 இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பின் கைக்குப் போனபின் அத்தொகை முகலாயர்களுக்குச் செலுத்தப்பட்டது. இதைத் தவிர கோட்டைக் காவற்படை, மதில் பழுது, தெருக்களின் துப்புரவு எனச் செலவுகள் கூடிக்கொண்டே இருந்தன. வருவாயோ பெரும்பாலும் சுங்கத்தையும், வெற்றிலை, புகையிலை, சாராயம் ஆகியவற்றின் விற்பனை உரிமையை ஏலம்விட்டுக் கிடைத்த குத்தகைப் பணத்தையும் நம்பியிருந்தது. நகரத்தைக் காப்பதற்கான செலவை நகர மக்களே ஏற்க வேண்டும் என்பது இலண்டனில் இருந்த இயக்குநர்களின் கருத்து.

ஸ்டிரெயின்ஷாம் மாஸ்டர் ஆளுநராக இருந்தபோது (1678–1681) தெருக்களைத் துப்புரவு செய்யும் செலவுக்காக வீடுகளின் மீது வரி விதிக்க முயன்றார். மக்கள் அதை விரும்பவில்லை. அடுத்து வந்த வில்லியம் கிஃபோர்டு, இயக்குநர்களின் ஆணைப்படி, கோட்டைக்கு வடக்கே தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த கறுப்பர் நகரத்தின் மதிலுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஆகும் பணத்தை வீட்டு வரியாகத் திரட்ட முற்பட்டார். 1686 ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில் சாதித் தலைவர்கள் அழைக்கப்பட்டு இது அறிவிக்கப்பட்டது. அவர்கள் மறுத்தனர். கடைகள் அடைக்கப்பட்டன. வெளியூர்களிலிருந்து உணவுப் பொருள் நகருக்குள் வருவதும் தடுக்கப்பட்டது. தலைவர்களின் வீடுகள் இடிக்கப்படும், அவர்கள் குடும்பத்தோடு வெளியேற்றப்படுவார்கள் என்று முரசறைந்து அச்சுறுத்திய பிறகே சந்தை திறந்தது. சென்னை நகரத்தில் வரிக்கு எதிராக நடந்த முதற் பெரிய கடையடைப்பு இது எனலாம்.

அச்சுறுத்தலால் கடைகளைத் திறக்கச் செய்ய முடிந்ததே தவிர, ஆண்டுதோறும் வீடுவீடாகப் பணம் வாங்க முடியவில்லை. வரி செலுத்த விரும்பாதவர் பக்கத்திலிருந்த வேறோர் ஆட்சியின் ஊருக்குக் குடிபெயர்ந்துவிடலாம். நெசவாளரும் வணிகரும் இல்லாவிட்டால் சென்னைக்கு வேலையே இல்லை. ஆகவே மிகுந்த கடுமையும் கம்பனிக்குக் கேடாகவே முடிந்திருக்கும்.

சென்னை மாநகராட்சி (1688)

இந்தச் சூழலில் யேல் 1687 ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று ஆளுநரானார். இதற்கு முன்பும் 1684–85 இல் சில மாதங்கள் அப்பொறுப்பைத் தற்காலிகமாகக் கவனித்திருந்தார்.

மாநகராட்சி என்னும் எண்ணம் யேலுடையதன்று. கம்பனியின் இலண்டன் தலைமையில் செல்வாக்குப் பெற்றிருந்த சர் ஜோசையா சைல்டுதான் இதைக் கருதியவர். கிழக்கில் ஒல்லாந்தர் தம் நகரங்களில் கையாண்ட முறையைக் கண்டு அவர் இம்முடிவுக்கு வந்தார். ஆட்சியாளர் தம் அதிகாரத்தால் சுமத்தும் சிறிய வரியையும் மக்கள் வெறுப்பர், தம்முள் தேர்ந்த பெரியவர்கள் பொது நன்மைக்கென விதிக்கும் பெரிய வரியையும் மனமுவந்து தருவர் என்பது அவர் வாதம். ஆகவே நகரத்தின் ஒவ்வொரு சமூகத்தின் தலைவரையும் நகர அவையில் அமர்த்த வேண்டும் என்றார். மக்களுக்கு உரிமை வழங்கும் விருப்பத்தால் இது பிறக்கவில்லை. வரி வாங்குவதற்கு வேறு வழி இல்லாமற் போனதால் பிறந்தது.

சாசனத்தை அரச முத்திரையுடன் வெளியிடுவதா, கம்பனியின் முத்திரையுடன் வெளியிடுவதா என்பது அரசர் இரண்டாம் ஜேம்சின் அவையில் ஆராயப்பட்டது. அரசரிடமிருந்து நேரே அதிகாரம் பெறும் மேயர் நாளை ஆளுநருக்குப் பணியமாட்டார் என்று கம்பனி அஞ்சியது. எனவே 1687 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாளிட்ட சாசனம் கம்பனியின் முத்திரையுடனேயே வழங்கப்பட்டது. ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மன்கள், அறுபது நகரப் பேராளர்கள் என்பது அவையின் அமைப்பு. நகர மண்டபம், சிறைச்சாலை, உள்ளூர்ச் சிறுவர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் பள்ளி ஆகியவற்றைக் கட்டவும், ஊழியர்களுக்கு ஊதியம் தரவும் நகர மக்களிடமிருந்து வரி திரட்டும் அதிகாரம் அவைக்கு அளிக்கப்பட்டது. வழக்குகளை விசாரிக்க மேயர் நீதிமன்றமும் ஏற்பட்டது.

1688 ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி தொடங்கிவைக்கப்பட்டது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர் ஆனார். யேலைப் போலவே இவரும் வட அமெரிக்காவில் பிறந்தவர், ஹார்வர்டு கல்லூரியில் படித்தவர். ஆல்டர்மன்களுள் ஆங்கிலேயரோடு பிரெஞ்சு, போர்த்துகீசிய, யூத வணிகர்களும் இருந்தனர். இந்துக்கள் மூவருக்கு இடம் அளிக்கப்பட்டது. அவர்கள் சின்ன வேங்கடாத்திரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்த பிள்ளை ஆகியோர். தங்கசாலைத் தெருவிலுள்ள ஏகாம்பரேசுவரர் கோயிலுடன் ஆலங்காத்த பிள்ளையின் பெயர் இன்றும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆல்டர்மன்களுக்குச் சிவப்பு அங்கியும் பேராளர்களுக்கு வெண்பட்டு அங்கியும் வகுக்கப்பட்டன. மேயருக்கு முன்னால் வெள்ளிச் செங்கோல் ஏந்திச் செல்லப்பட்டது. குடை பிடிக்கவும் குதிரை மீது ஊர்வலம் செல்லவும் அவர்களுக்கு உரிமை வழங்கப்பட்டது. குடையின் பெருமையை நம் நாட்டு வழக்கிலிருந்து இயக்குநர்கள் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

நகர அவையின் வருவாய் நிலை

அங்கிகளும் குடைகளும் கிடைத்த அளவுக்கு வரி கிடைக்கவில்லை. சாசனம் எதிர்பார்த்தபடி மக்கள் வீட்டு வரியை ஏற்கவில்லை. நகர அவையில் தங்கள் தலைவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதற்காக மட்டும் மக்கள் மனம் மாறவில்லை. இதற்குக் காரணங்கள் பல. மேயரும் ஆல்டர்மன்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படவில்லை, கம்பனியால் பெயர் குறிக்கப்பட்டனர். அவை விதிக்கும் வரிக்கு ஆளுநரும் அவருடைய ஆலோசனைக் குழுவும் இசைய வேண்டும். கம்பனிக்குத் துணி வாங்கித் தரும் வணிகர்களே மக்களின் சார்பாளர்களாகவும் இருந்தனர். 1652 முதலே நகரில் வலங்கை, இடங்கைச் சாதியாரிடையே பூசல் இருந்துவந்தது. ஆகவே யார் யாருக்காகப் பேசுவது என்பதும் எளிதாகத் தீரக்கூடிய கேள்வியாக இல்லை. சாசனத்தில் கூறப்பட்ட பொதுப் பணிகள் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றன.

யேல் இவ்வவையை வளர்க்கப் பெரிதாக முயன்றதாகத் தெரியவில்லை. அவருக்கு அப்போது வேறு கவலைகள் இருந்தன. முகலாயருடன் கம்பனிக்கு மோதல் இருந்தது, பஞ்சம் நிலவியது, ஆலோசனைக் குழுவில் சச்சரவும் இருந்தது. காலப்போக்கில் இந்துக்களின் இடங்கள் மறைந்தன. 1727 இல் புதிய அரச சாசனத்தின்படி அமைந்த அவையில் மேயரும் ஒன்பது ஆல்டர்மன்களும் இருந்தனர். அவர்களுள் ஏழு ஆல்டர்மன்கள் பிரித்தானியக் குடிகளாக இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. வீடுகளின் மீது துப்புரவு, காவல், தெருப் பழுது ஆகியவற்றுக்காக வரி விதிக்கும் அதிகாரம் 1793 ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றச் சட்டத்தால் அமைதி நீதிபதிகளுக்கு அளிக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் நாடப்பட்ட இசைவு அப்போது நாடப்படவில்லை.

அடிமை ஏற்றுமதி

யேல் காலத்தின் மிகக் கொடிய பகுதி இதுவாகும். பஞ்சத்தால் வறுமையுற்றவர்கள் தம்மையும் தம் குழந்தைகளையும் விற்றனர். ஆள் கடத்தலும் நடந்தது. இவ்வாறு அகப்பட்டவர்கள் சென்னைத் துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். ஐரோப்பாவுக்குச் செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளையேனும் அனுப்ப வேண்டும் என ஆணையிட்ட கூட்டத்தில் யேல் பங்கேற்றார். இவர்களுள் பலர் கம்பனிக்குச் சொந்தமான செயின்ட் எலனா தீவுக்குச் சென்றனர். 1687 ஆம் ஆண்டு ஒரே மாதத்தில் 665 பேர் ஏற்றுமதி செய்யப்பட்டனர். வீட்டு வரியை எதிர்த்துக் கடையடைக்க முடிந்தவர்களின் குரலாவது ஆவணங்களில் பதிவாகியுள்ளது. இவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூடப் பதிவாகவில்லை.

முகலாய அதிகாரிகளின் எதிர்ப்பினாலும், நகரைச் சுற்றியுள்ள பகுதியில் ஆட்கள் குறைந்ததாலும் 1688 இல் இவ்வேற்றுமதி தடை செய்யப்பட்டது. யேல் தம் சொந்தக் கணக்கில் அடிமை வணிகம் செய்தாரா என்பது குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதிகாரி என்ற முறையில் அவருக்கிருந்த பொறுப்பு குறித்து அத்தகைய வேறுபாடு இல்லை.

புனித டேவிட் கோட்டை

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றை ஒட்டி இந்து வணிகர் ஒருவர் கட்டிய சிறு கோட்டை இருந்தது. அது 1677 இல் மராட்டியர் வசமானது. 1690 இல் சிவாஜியின் இளைய மகன் இராசாராம் செஞ்சிக் கோட்டையில் இருந்துகொண்டு முகலாயப் படையை எதிர்த்து வந்தார். அவருக்குப் போர்ச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. கோட்டையை வாங்க ஐரோப்பியரிடையே போட்டி நிலவியது. யேல் தம் சகோதரர் தாமஸ் யேலையும் வில்லியம் டிரெஞ்ச்ஃபீல்டு என்பவரையும் செஞ்சிக்கு அனுப்பி விலை பேசினார். பேச்சு முடிந்து, 1690 செப்டம்பரில் வில்லியம் ஹாட்செல் கம்பனியின் சார்பில் கோட்டையைப் பெற்றுக்கொண்டார்.

கோட்டையுடன் சேர்த்து விற்கப்பட்ட நிலத்தின் எல்லை விந்தையான முறையில் குறிக்கப்பட்டது. கோட்டையிலிருந்து பீரங்கியால் நாற்புறமும் சுட்டு, குண்டு விழும் தொலைவுக்குட்பட்ட ஊர்கள் அனைத்தும் கம்பனிக்கு உரியவை என்பது உடன்பாடு. வெகுதொலைவு சுடக்கூடிய பீரங்கியைத் தேர்ந்தெடுக்கவும், திறமையான பீரங்கியாளரைக் கொண்டு மருந்திட்டுச் சுடவும் சென்னையிலிருந்து அறிவுறுத்தப்பட்டது. குண்டுகள் கடலூர் நகரத்தையும் தாண்டி விழுந்தன. இவ்வாறு கிடைத்த ஊர்கள் பீரங்கிக் குண்டு கிராமங்கள் என அழைக்கப்பட்டன. கடலூரை அடுத்த குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் அந்நிகழ்வை இன்றும் நினைவூட்டுகிறது.

சென்னையில் சாதித் தலைவர்களுக்கு அங்கி அணிவித்து இசைவு கேட்டு இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. கடலூரில் நெசவாளர், உழவர், மீனவர், வணிகர் என எவரிடமும் எதுவும் கேட்கப்படவில்லை. அந்நிலத்தின் வரியும் சுங்கமும் ஒரே நாளில் புதியவர் கைக்கு மாறின. அக்காலத்தில் ஊர்கள் இவ்வாறு கைமாறுவது புதிதல்ல என்றாலும், இரு நிகழ்வுகளும் ஒரே ஆளுநரின் ஆட்சியில் நடந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

வேல்ஸ் நாட்டின் காவற்புனிதரான டேவிடின் பெயரைக் கோட்டைக்கு யேல் சூட்டினார் என்பது பொதுவான கருத்து. இறந்த மகனின் பெயரை நினைத்து அவ்வாறு செய்தார் என்பாரும் உளர். 1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது இக்கோட்டையே தென்னிந்தியாவில் கம்பனியின் தலைமையிடமாயிற்று. 1756 இல் ராபர்ட் கிளைவ் இதன் ஆளுநராக அமர்த்தப்பட்டார். 1758 இல் பிரெஞ்சுக்காரர் இதைப் பிடித்தனர். இப்போது ஆற்றங்கரையில் சில சிதைவுகளே எஞ்சியுள்ளன.

பதவியிழப்பு

யேல் கம்பனியின் பணத்தையும் அதிகாரத்தையும் தம் சொந்த வணிகத்துக்குப் பயன்படுத்தினார் என்று ஆலோசனைக் குழுவினர் இலண்டனுக்கு எழுதினர். சகோதரர் தாமஸ் சயாம் நாட்டு அரசருடன் நடத்திய இரத்தின வணிகமும் குற்றச்சாட்டுக்கு இடமளித்தது. 1692 ஆம் ஆண்டு அக்டோபரில் யேல் பதவி நீக்கப்பட்டு, முதல் மேயராக இருந்த ஹிக்கின்சன் ஆளுநரானார். கணக்கு வழக்குகள் முடியாததால் யேல் உடனே நாடு திரும்ப முடியவில்லை. மேலும் ஏழாண்டுகள் சென்னையிலேயே தங்கி வணிகம் செய்துவந்தார். மனைவியும் பிள்ளைகளும் 1689 இலேயே இங்கிலாந்து சென்றுவிட்டனர். போர்த்துகீசிய யூத வைர வணிகர் ஒருவரின் மனைவியாக இருந்து கணவரை இழந்த ஹிரோனிமா டி பைவாவுடன் யேல் வாழ்ந்தார். அவர்களுக்குச் சார்லஸ் என்ற மகன் பிறந்தான்.

இங்கிலாந்தில்

1699 இல் பெருஞ்செல்வராக இங்கிலாந்து திரும்பிய யேல், இலண்டனிலும் பிளாஸ் கிரோனோவிலும் வாழ்ந்தார். 1704 இல் டென்பிசயரின் உயர் செரிப் ஆனார். 1717 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓவியங்களும் அணிகலன்களும் பிற அரும்பொருள்களும் சேர்ப்பதில் மிகுந்த நாட்டம் உடையவர்.

அமெரிக்காவின் கனெக்டிகட் குடியேற்றத்தில் 1701 இல் தொடங்கப்பட்ட கல்லூரி ஒன்று அப்போது பண முட்டுப்பாட்டில் இருந்தது. நியூ ஹேவனில் கட்டடம் எழுப்பப் பொருள் தேவைப்பட்டது. ஜெரமையா டம்மர், காட்டன் மேதர் ஆகியோரின் வேண்டுகோளை ஏற்று யேல் 1718 இல் கலிக்கோ, மஸ்லின் உள்ளிட்ட துணிவகைகள் அடங்கிய ஒன்பது பொதிகளையும், 417 நூல்களையும், அரசர் முதலாம் ஜார்ஜின் ஓவியத்தையும் அனுப்பினார். துணிகள் 562 பவுண்டு 12 சில்லிங்குக்கு விற்கப்பட்டன. நன்றிக்கடனாகக் கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சென்னை மக்களின் வரியால் எழும் என்று 1687 ஆம் ஆண்டுச் சாசனம் கூறிய பள்ளிக்கு இத்தகைய கொடையாளர் எவரும் வாய்க்கவில்லை.

யேல் 1721 ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று இலண்டனில் காலமானார். உடல் ரெக்சம் நகரின் புனித ஜைல்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் சேர்த்த பொருள்கள் பல நாட்கள் தொடர்ந்து ஏலம் விடப்பட்டன.

பிற்கால மதிப்பீடு

யேலை வள்ளலாக மட்டும் காட்டும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை நீடித்தது. அதன்பின் அடிமை வணிகத்துடன் அவருக்கிருந்த தொடர்பு விரிவாக ஆராயப்பட்டது. கழுத்தில் உலோக வளையம் பூட்டப்பட்ட அடிமைச் சிறுவனுடன் யேல் இருக்கும் ஓவியம் ஒன்று யேல் பல்கலைக்கழகத்தின் பிரித்தானியக் கலை மையத்தில் இருந்தது. அது 2020 இல் சில காலம் அகற்றப்பட்டு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. அடிமை முறையுடன் தனக்கிருந்த தொடர்புகளுக்காகப் பல்கலைக்கழகம் 2024 ஆம் ஆண்டு பிப்ரவரியில் முறைப்படி மன்னிப்புக் கோரியது.

சென்னை மாநகராட்சியைப் பொறுத்தவரை, தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவராகப் பிட்டி தியாகராயர் பொறுப்பேற்றது 1920 வாக்கில்தான். யேல் விலைக்கு வாங்கிய கடலூரில் 1866 இலும், சிதம்பரத்தில் 1873 இலும் நகராட்சிகள் ஏற்பட்டன. தொடக்கத்தில் அங்கும் உறுப்பினர்கள் பெரும்பாலும் அரசால் அமர்த்தப்பட்டவர்களே. ரிப்பன் பிரபுவின் 1882 ஆம் ஆண்டுத் தீர்மானத்தையும், அதையொட்டி வந்த 1884 ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தையும் அடுத்து, வரி செலுத்துவோர் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை பரவியது. சொத்து வரி கட்டியவருக்கே வாக்கு என்பதால் பெரும்பாலான மக்கள் அப்போதும் வெளியிலேயே நின்றனர்.

நகரத்தின் வரவு செலவுத் திட்டத்தை வகுக்கும்போதே குடிமக்களின் கருத்தைக் கேட்கும் முறை 1989 இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் தொடங்கி உலகின் பல நகரங்களுக்குப் பரவியது. இந்தியாவில் புனே மாநகராட்சி 2006 இல் இதைப் பின்பற்றியது. தமிழ்நாட்டில் ஊராட்சிகளில் நடைபெறும் கிராமசபையைப் போன்று, நகர்ப்புற வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று முதன்முதலாக நடத்தப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 இல், கடலூர் நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டிருந்தது. 1690 இல் பீரங்கிக் குண்டால் எல்லை குறிக்கப்பட்ட தேவனாம்பட்டினம் அம்மாநகராட்சியின் எல்லைக்குள் உள்ளது.